கயிறு இழுக்கும், நிறுத்துவது யார்?

நடுவழியில் படுத்த காரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துப் போவது நம் சாலைகளில் அன்றாடக் காட்சி. அந்தப் பயணம் பத்திரமாக முடிய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒரு முழு அலசல்.

"கயிறு இருக்கா?"

நெடுஞ்சாலையில் கார் படுத்துவிட்டால் நம்மவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி இது. பொங்கலும் தீபாவளியும் முடிந்து ஊர்க்கூட்டம் சென்னை திரும்பும் மாலைகளில் ஜி.எஸ்.டி சாலையின் இடது ஓரத்தைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் புகையைப் பார்த்தபடி நிற்கும் குடும்பம் ஒன்றாவது கண்ணில் படும். சற்று நேரத்தில் மச்சானுடைய காரோ, அந்தப் பக்கம் போன டாடா ஏஸோ முன்னால் வந்து நிற்கும். எங்கிருந்தோ ஒரு கயிறு வரும். "வீடு இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே, மெதுவா இழுத்துட்டே போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

அப்படிச் சொல்பவரின் மனசு நல்ல மனசு. முன்பின் தெரியாதவருக்காக வண்டியை ஓரங்கட்டி, சட்டையில் கிரீஸ் படக் குனிந்து கயிறு கட்டுபவர்கள் இன்னும் நம் சாலைகளில் இருக்கிறார்கள். லாரி டிரைவர்கள் பலர் கேபினில் வடக்கயிறு வைத்திருப்பதே தனக்கும் பிறருக்கும் ஆகட்டும் என்றுதான். இந்தக் கட்டுரை அவர்களைத் தடுப்பதற்காக எழுதப்படவில்லை. அந்த உதவி விபத்தில் முடியக் கூடாது என்பதற்காக எழுதப்படுகிறது.

ஏனென்றால் கயிற்றுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அது இழுக்கும். நிறுத்த அதற்குத் தெரியாது.

பின்னால் இருப்பவரே டிரைவர்

கட்டி இழுக்கும்போது எல்லோருடைய கவனமும் முன் வண்டியின் மேல் இருக்கும். எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறதா, மேட்டில் ஏறுமா, கிளட்ச் தாங்குமா என்று பேசுவார்கள். சமதளச் சாலையில் நியூட்ரலில் உருளும் காரை இழுக்க அவ்வளவு பெரிய சக்தி தேவையில்லை. நாலு பேர் சேர்ந்தால் கையாலேயே தள்ளிவிடுகிறோமே! சிக்கல் தொடங்குவது முன் வண்டி பிரேக்கை மிதிக்கும்போது. கயிறு தொய்ந்துவிடும். பின்னால் வரும் ஒரு டன் எடை, வந்த வேகத்திலேயே முன் வண்டியை நோக்கி வரும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவர், படுத்த வண்டியின் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான்.

அவர் கையிலோ முழு வண்டி இல்லை. இன்றைய கார்களில் பிரேக் பெடல் மெத்தென்று இறங்குவதற்குக் காரணம், எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர். எஞ்சின் நின்றுவிட்டால், தேங்கியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல் போல இறுகும். பிரேக் வேலை செய்யாமல் போகாது. ஆனால் வழக்கமாக விரலால் அழுத்துவது போல மிதித்தவர், இப்போது முதுகை இருக்கையில் ஊன்றி முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் எஞ்சினோடு சேர்ந்து நின்றுவிடும். குறைந்த வேகத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பவே தோள் வலிக்கும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அனுபவமுள்ள பெரியவர் முன் வண்டியை ஓட்டுவார். "நீ சும்மா ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கோ" என்று லைசென்ஸ் எடுத்து ஆறு மாதமான பையனைப் பின் வண்டியில் உட்கார வைப்பார்கள். இது தலைகீழ். இருவரில் கை தேர்ந்தவர் பின்னால்தான் உட்கார வேண்டும். முன் வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியது நிதானம்; பின் வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியது திறமை, உடல் வலு, சிதறாத கவனம்.

ஐந்து மீட்டர் கணக்கு

இழுவைக்கு நம் நாட்டில் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இதற்குத் தனி விதி இருந்தது. படுத்த வண்டியை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்கோ பெட்ரோல் பங்குக்கோ இழுத்துச் செல்லலாம். இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் முன் சக்கரங்களைக் கிரேன் போன்ற கருவியால் தரையிலிருந்து தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பின் வண்டியின் முதுகில் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துகளில் 'ஆன் டோ' என்று எழுதியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதிகளுக்குப் பதிலாக 2017-இல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இழுவைக்கான கட்டுப்பாடுகள் தொடர்ந்தன.

இந்த வேக வரம்பு எவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 6.7 மீட்டர் நகரும். கயிற்றின் 5 மீட்டரைக் கடக்க முக்கால் நொடி போதும். முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பெடலுக்குப் போகவே சாதாரண மனிதருக்கு ஒரு நொடி பிடிக்கும். முன் வண்டி நிதானமாக வேகத்தைக் குறைத்தால் சமாளித்துவிடலாம். நாய் குறுக்கே ஓடியது, ஆட்டோ திரும்பியது என்று ஓங்கி அடித்தால், 24 கிலோமீட்டர் வேகத்திலேயே மோதிவிடும். 60-இல் போனால்? 5 மீட்டர் என்பது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்தில் மனிதரால் எதுவுமே செய்ய முடியாது. நம் நெடுஞ்சாலைகளில் 50, 60 வேகத்தில் கயிறு கட்டிப் பறக்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை போய்ச் சேர்ந்தால் அது அதிர்ஷ்டம் மட்டுமே.

'அருகிலுள்ள' என்ற நிபந்தனைக்கும் இதே கணக்கில் பொருள் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். சுற்றிலும் 80-லும் 100-லும் வண்டிகள் சீறும் நான்குவழிச் சாலையில் அவ்வளவு நேரம் ஊர்வது, வேகமாகப் போவதைப் போலவே ஆபத்து. ஆகவே கயிறு கட்டுவது வீடு போய்ச் சேருவதற்கான வழி ஆகாது. ஆபத்தான இடத்திலிருந்து பத்திரமான இடத்துக்கு, அதாவது அடுத்த பெட்ரோல் பங்குக்கு, டோல்கேட்டுக்கு, ஊர் எல்லையில் இருக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கு நகர்த்துவதற்கான வழி.

அம்பாசிடர் காலப் பழக்கம்

"நாங்க காலங்காலமா இழுத்துக்கிட்டுதானே இருக்கோம்?" என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. அவர்கள் பழகிய வண்டிகள் வேறு. 1958-லிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரை நினைத்துப் பாருங்கள். இரும்பு பம்பர், கையால் போடும் கியர், பின் சக்கரங்களைச் சுழற்றும் எஞ்சின். பழைய மாடல்களில் பிரேக்குக்குப் பூஸ்டரும் கிடையாது, ஸ்டீயரிங்குக்குப் பவரும் கிடையாது. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் பெடலும் ஸ்டீயரிங்கும் ஒரே மாதிரிதான். அந்த வண்டியை இழுக்கும்போது பின்னால் இருப்பவருக்குப் புதிதாக எதுவும் கெட்டுவிடவில்லை.

இன்றைய கார் அப்படி இல்லை. பம்பர் என்று நாம் சொல்வது பிளாஸ்டிக் உறை. அதில் கயிறு கட்டினால் உறை கையோடு வந்துவிடும். கியர், பிரேக், ஸ்டீயரிங் பூட்டு எல்லாவற்றிலும் மின்னணு நுழைந்துவிட்டது. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் பல கார்களில் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டு விலகாது. மின்சார ஹேண்ட் பிரேக் விடுபடாது. ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி'யை விட்டு நகராது. அந்த நிலையில் காரை இழுப்பது அதைத் தரையில் தேய்ப்பதற்குச் சமம்.

எந்த வண்டிக்குக் கயிறே ஆகாது?

மேனுவல் கியர் கார்களைத்தான், அதுவும் நியூட்ரலில், குறைந்த தூரத்துக்கு இழுக்கலாம். மற்றவற்றைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு உள்ளே எண்ணெய் சுற்றினால்தான் உயிர். அந்த எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்ற நிலையில் சக்கரங்கள் மட்டும் சுழன்றால், உள்ளே பாகங்கள் எண்ணெய் கிடைக்காமல் உரசிச் சூடேறும். சின்னப் பழுதுக்காக இழுத்த கார், ஷெட் போய்ச் சேரும்போது கியர்பாக்ஸே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருக்கும். எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் முன்னவை என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும். நான்கு சக்கரமும் சுழலும் வண்டி என்றால் முழுதாகப் பிளாட்பெட் லாரியில் ஏற்ற வேண்டும்.

மின்சாரக் கார்களுக்கும் பிளாட்பெட்தான். அவற்றில் மோட்டார் சக்கரத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாகும்; கட்டுப்பாட்டுக் கருவிகள் சூடேறிப் பழுதாகலாம். உங்கள் காருடன் வந்த கையேட்டில் இழுவைக்கென்று ஒரு பக்கம் இருக்கும். வண்டி படுத்த பிறகு இருட்டில் அதைத் தேடுவதைவிட, இன்றே ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

கட்டும் முறை

முதலில், இழுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பேட்டரி இறங்கியதற்கும் டயர் பஞ்சருக்கும் கயிறு தேவையே இல்லை. ஜம்பர் கேபிளும் ஸ்டெப்னியும் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். இழுத்துக்கொண்டே கியர் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தையைக் கைவிடுங்கள். எஞ்சின் திடீரென்று உயிர்பெறும் நொடியில் பின் வண்டி பாய்ந்து முன் வண்டியில் மோதும்.

இழுத்தே ஆக வேண்டும் என்றால், டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதுதான் டோ ஹூக். பம்பரில் ஒரு சின்னச் சதுர மூடியைப் பெயர்த்தால் அதைத் திருகும் துளை தெரியும். சில கார்களில் மரை எதிர்ப்புறமாகத் திருகும். வலப்பக்கம் திருகி ஏறவில்லை என்றால் இடப்பக்கம் முயலுங்கள். கடைசி மரை வரை இறுக்கியாக வேண்டும். ஆக்ஸில், சஸ்பென்ஷன் கை, ஸ்டீயரிங் ராடு, கிராஷ் கார்டு எதிலும் கயிற்றைக் கட்டக் கூடாது.

கயிறு என்றால் கிணற்றுக் கயிறோ, தேங்காய் நார்க் கயிறோ, கொடிக் கயிறோ ஆகாது. வண்டி எடைக்கேற்ற டோ ரோப் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. நைலான் கொஞ்சம் நீண்டு கொடுத்து வெட்டு இழுப்பைத் தணிக்கும். இரும்பு ஒயருக்கு அந்தக் குணம் இல்லை. அறுந்தால் சாட்டையாகச் சுழன்று வெட்டும். முடிச்சு விழும் இடத்தில் எந்தக் கயிற்றின் வலுவும் குறையும் என்பதால், இரு முனையிலும் கொக்கியுள்ள கயிறே நல்லது. இரண்டு வண்டியையும் இறுக்கமாக இணைக்கும் இரும்பு டோ பார் கிடைத்தால் இன்னும் மேல். பின் வண்டி முன் வண்டியில் மோதும் பயம் அதில் வெகுவாகக் குறையும். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். சந்திப்புகளில் இரண்டு வண்டிக்கும் நடுவே புகுந்து போக நினைக்கும் பைக்காரரின் உயிர் அந்தத் துணியில் இருக்கிறது.

பின் வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்கூட உட்காரக் கூடாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் முன் வண்டியிலோ வேறு வண்டியிலோ ஏற்றிவிடுங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டால் முதல் வளைவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கிளம்புமுன் பெடலை நாலு முறை மிதித்துப் பூஸ்டரின் மிச்ச சக்தியைத் தீர்த்துவிடுங்கள். உண்மையில் எவ்வளவு பலம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கால் பழகிக்கொள்ளும்.

முன் வண்டி முதல் கியரில், கயிறு விறைக்கும்வரை ஊர்ந்து நகர வேண்டும். தொய்ந்த கயிற்றை வெட்டி இழுத்தால் சாதாரண இழுப்பைப் போலப் பல மடங்கு விசை ஹூக்கில் விழும். பயணம் முழுக்கக் கயிறு விறைப்பாகவே இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பவர் முன்கூட்டியே லேசாகப் பிரேக் பிடித்து, இரண்டு வண்டியின் வேகத்தையும் தானே குறைக்கக் கற்க வேண்டும். ஒரு ஹார்ன் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேட்டரி செத்த வண்டியில் ஹார்னும் பிரேக் லைட்டும் வேலை செய்யாது என்பதால், முன் வண்டியில் ஒருவர் பின்பக்கம் பார்த்தபடியே வர வேண்டும். விளக்கு எரியாத வண்டியை இரவில் இழுக்கவே கூடாது.

மலையில் வேண்டாம்

கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70. இந்த எண்களைச் சுற்றுலா விளம்பரம் போலச் சொல்கிறோம். எஞ்சின் நின்ற வண்டிக்கு ஒவ்வொன்றும் ஒரு கண்டம். இறக்கத்தில் கயிறு விறைப்பாகவே இருக்காது. பின் வண்டி தன் எடையிலேயே உருண்டு வரும். எஞ்சின் இருந்தால் கீழ்க் கியரில் வேகத்தைப் பிடிக்கலாம். இங்கே எல்லாப் பாரமும் பூஸ்டர் இல்லாத பிரேக்கின் மேல். விடாமல் மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். நல்ல நிலையில் இருக்கும் லாரிகளே தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து எத்தனை உயிர்களைக் குடித்திருக்கின்றன என்பது தர்மபுரி, சேலம் மக்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் கயிறு அறுந்தால் வண்டி பின்னோக்கி உருளும். மலைப்பாதையில் படுத்த வண்டிக்கு ஒரே வழி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ரெக்கவரி வண்டி வரும்வரை காத்திருப்பது.

கல் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. வண்டி படுத்தால் சக்கரத்துக்குப் பின்னால் பாறாங்கல் வைப்பதும், சாலையில் மரக்கிளையை வெட்டிப் போட்டு எச்சரிப்பதும் நம் வழக்கம். வண்டி சரியானதும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் அதில் ஏறிக் கவிழ்பவர் வேலை முடிந்து டி.வி.எஸ் எக்ஸெல்லில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியாக இருப்பார். வைத்தவரே கல்லை எடுத்து ஓரம் போட வேண்டும். புதுக் காருடன் வரும் சிவப்பு முக்கோணம் பல வீடுகளில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அதை எடுத்து, ஐம்பது மீட்டராவது பின்னால், விரைவுச் சாலையில் இன்னும் தள்ளி வையுங்கள்.

கால் கொடுத்துத் தள்ளும் பைக்

கார்களை விட்டால், நகரங்களில் நாம் தினமும் பார்க்கும் இழுவை பைக்குகளுடையது. பெட்ரோல் தீர்ந்த வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நண்பர் தன் பைக்கில் பக்கவாட்டில் வந்து, ஒரு காலை நீட்டி அந்த வண்டியின் புட்ரெஸ்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். இதில் நட்பு இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. பைக்கின் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. அந்தக் காலைத் தள்ளுவதற்குக் கொடுத்துவிட்டால் பாதி பிரேக் போயிற்று. இடது காலைக் கொடுத்தால் கியர் போயிற்று. இரண்டு வண்டியும் சேர்ந்து ஒரு முழு லேனை அடைத்துக்கொள்ளும். ஒருவர் குழியில் தடுமாறினால் இருவரும் விழுவார்கள். பைக்கை இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். நண்பர் போய்ப் பெட்ரோல் வாங்கி வரலாம். முடியாவிட்டால் குட்டியானையில் ஏற்றிவிடலாம்.

வெள்ளம் சொன்ன பாடம்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அடித்தளப் பார்க்கிங்குகளில் கார்கள் கூரை வரை நனைந்தன. அதனால்தான் இப்போது மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டுகின்றன. நீர் வடிந்ததும் பலர் செய்த காரியம், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகியது. எஞ்சின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அதை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காப்பீட்டில் இந்த எஞ்சின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். அதற்கென்று தனிச் சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளாட்பெட்டில் ஏற்றி அனுப்புவதே சரி. நனைந்து சேறு படிந்த பிரேக்கை நம்பிக் கயிறு கட்டக் கூடாது.

யாரை அழைப்பது? என்ன செலவு?

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி படுத்தால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது. ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவற்றை ஏற்பாடு செய்வது சுங்கச்சாவடி நடத்துபவர்களின் பொறுப்பில் அடங்கும். கட்டணம் கட்டித்தான் அந்தச் சாலையில் வருகிறோம். உதவி கேட்பது நம் உரிமை. கேட்கத் தயங்குவதாலேயே பலர் கயிற்றைத் தேடுகிறார்கள்.

படுத்த வண்டியை நடுச்சாலையிலேயே விட்டு வைப்பதற்கும் தண்டனை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, போக்குவரத்துக்கு இடைஞ்சலாகப் பழுதான வண்டியை நிறுத்தி வைத்தால் மணிக்கு 500 ரூபாய் வரை அபராதம். 2019 திருத்தத்துக்கு முன் இது 50 ரூபாயாக இருந்தது. அபராதத்தைவிடப் பெரிய காரணம், நின்ற வண்டியில் பின்னால் வந்து மோதும் விபத்துகள். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு.

காப்பீட்டையும் புரிந்துகொள்ளுங்கள். 2002-இன் இந்திய மோட்டார் டேரிஃப் வகுத்த பாலிசி வாசகத்தில், விபத்தில் சிக்கிய தனியார் காரை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்று இருக்கிறது. இயந்திரக் கோளாறால் படுத்த வண்டிக்கு அதுவும் கிடையாது. அதற்கு 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைப் பாலிசி புதுப்பிக்கும்போதே கேளுங்கள். தனியார் ரெக்கவரி வண்டியை அழைத்தால் அடிப்படைக் கட்டணம், கிலோமீட்டர் கட்டணம், டோல், காத்திருப்பு எல்லாவற்றையும் சேர்த்து மொத்தத் தொகையை வண்டி கிளம்புமுன் பேசி, மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு வாசகத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் உண்டு. வணிக வாகனங்களுக்கான பாலிசியில், அந்த வண்டி படுத்துவிட்ட வேறொரு வண்டியை இழுக்கும்போதும் மூன்றாம் நபர் பாதுகாப்பு தொடரும் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிபந்தனை: கூலி வாங்கிக்கொண்டு இழுக்கக் கூடாது. இழுபடும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் அந்தப் பாலிசி பொறுப்பேற்காது. உதவியாக இழுப்பதற்கு இடம் உண்டு. தொழிலாக இழுப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். நடுரோட்டில் "ஐந்நூறு ரூபாய் தாங்க, இழுத்து விடுறேன்" என்று பேரம் பேசும் இரு தரப்புக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சட்டநூகாவின் சுவர்

ரெக்கவரி வண்டி என்ற ஒன்றே ஒரு சிரமத்திலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டநூகா என்ற ஊர். 1916-இல் ஒருவரின் ஃபோர்டு மாடல் டி கார் ஓடையில் கவிழ்ந்தது. எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் ஆட்களைச் சேர்த்து, கயிறும் கட்டைகளும் கொண்டு மணிக்கணக்கில் போராடி அதை மேலே கொண்டுவந்தார். இதற்கு ஒரு நல்ல வழி வேண்டும் என்று யோசித்தவர், 1913-ஆம் ஆண்டு காடிலாக் காரின் சட்டகத்தில் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, சங்கிலி பொருத்தி முதல் இழுவை வண்டியைச் செய்தார். அந்த ஊரில் இன்று இழுவைத் தொழிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் ஒரு சுவரில், சாலையோரம் பிறர் வண்டியை மீட்கும்போது உயிரிழந்த தொழிலாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நம் ஊரில் அப்படி ஒரு சுவர் இல்லை. நள்ளிரவில் விழுப்புரம் புறவழிச்சாலையிலோ கிருஷ்ணகிரி மேட்டிலோ லாரிக்கு அடியில் படுத்துச் சங்கிலி மாட்டும் கிரேன் ஆட்களின் வேலை எவ்வளவு ஆபத்தானது என்று நாம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. ஒளிரும் மேலங்கி இல்லாமல், எச்சரிக்கைக் கூம்பு இல்லாமல், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்பவர்கள் அவர்கள். விளக்குச் சுழலும் ரெக்கவரி வண்டியைக் கண்டால் வேகத்தைக் குறைத்து ஒரு லேன் விலகிப் போவது, நாம் அவர்களுக்குச் செய்யும் மிகச் சிறிய மரியாதை.

செய்ய வேண்டியவை

டிரைவிங் ஸ்கூல்களில் எட்டு போடக் கற்றுத்தருகிறார்கள். இழுபடும் வண்டியை ஓட்டுவது எப்படி என்று ஒரு மணி நேரமாவது கற்றுத்தரலாம். எஞ்சின் நின்ற காரின் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தவர், பிறகு மகனைப் பின்னால் உட்கார வைக்க மாட்டார். ரெக்கவரி வண்டிகளுக்கு ஆட்டோவைப் போல அரசு கட்டணம் நிர்ணயித்து, டோல்கேட்டுகளில் தமிழில் பலகை வைக்க வேண்டும். விலை தெரியாத பயம் போனால், கயிறு கட்டும் ஆபத்தும் பாதி போகும். கிரேன் ஊழியர்களுக்கு ஒளிரும் உடையும் விபத்துக் காப்பீடும் கட்டாயமாக வேண்டும். 1033 என்ற எண் இன்னும் பெரிதாக, இன்னும் அடிக்கடி சாலையோரம் தெரிய வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியது இந்த வாரமே முடிந்துவிடும். டிக்கியைத் திறந்து டோ ஹூக் இருக்கிறதா, முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். கையேட்டில் இழுவைப் பக்கத்தைப் படியுங்கள். பாலிசியில் சாலை உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். 1033-ஐ வீட்டில் எல்லோருடைய போனிலும் பதியுங்கள். சாலையோரம் நிற்பவருக்கு உதவ நாளை வண்டியை நிறுத்தினால், தயங்காமல் உதவுங்கள். அவர் வண்டியை அடுத்த பங்கு வரை, 24 கிலோமீட்டர் வேகத்தில், கை தேர்ந்தவரைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விடுங்கள். அதற்கு மேல் ரெக்கவரி வண்டி பார்த்துக்கொள்ளும். கார் நாளை வீடு வரலாம். அதில் இருந்தவர்கள் இன்றே வந்தாக வேண்டும்.